பட்டாளத்தார் வீட்டு ஏர் லாக்

என் மாமனாருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் பொய் சொன்னார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கையில் மைக் கிடைத்தால் மனிதனுக்கு அப்படித்தான் வரும். முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் அவரை 'எல்லையில் ரத்தம் சிந்திய மாவீரர்' என்றார். எனக்குத் தெரிந்து மாமனார் ரத்தம் சிந்தியது துருப்பிடித்த குழாய் ஒன்றைக் கழற்றப் போய் ரெஞ்சு வழுக்கியபோதுதான். அதற்கும் ஒரு பிளாஸ்திரி போதுமானதாக இருந்தது. அடுத்து வந்த குழாய் வியாபாரிகள் சங்கத் தலைவர், மறைந்தவர் தண்ணீரைப் போல மென்மையானவர் என்றார். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த கடை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவரான மொட்டை அண்ணன் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

குடும்பத்தின் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவரைப் பற்றி உண்மையாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவர் வீட்டு ஏர் லாக்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அதை மைக்கில் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெருவில் அவருக்குப் பட்டாளத்தார் என்று பெயர். பட்டாளத்தில் இருந்தார் என்பது நிஜம்தான். சண்டை நடந்த இடத்துக்கும் அவர் இருந்த இடத்துக்கும் நடுவே ஒரு மலை இருந்தது என்பதும் நிஜம். மலைக்கு அந்தப் பக்கம் சண்டை போட்டவர்களுக்கு இந்தப் பக்கத்து ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் அனுப்பிய படைப்பிரிவு அவருடையது. பாறையில் குழாய் பதித்தார்கள், பனியில் உறைந்தபோது தீ மூட்டி உருக்கினார்கள், உடைந்த இடத்தில் இரவோடு இரவாக ஒட்டினார்கள். அந்தப் பக்கம் ஒருவரும் தாகத்தில் சாகவில்லை. எனக்கு இதைக் கேட்டாலே மரியாதை வருகிறது. சங்கத்துக்குத்தான் இது போதவில்லை, அவர்களுக்கு ரத்தம் வேண்டியிருக்கிறது.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகு கடைவீதி முனையில் ஒரு பிளம்பிங் கடை போட்டார். பட்டாளம் அவரை விட்டுவிட்டது, அவர் பட்டாளத்தை விடவில்லை. வாடிக்கையாளர்களை அவர் 'சிவிலியன்' என்றுதான் சொல்வார். ஒழுகல் என்றால் ஊடுருவல், சாக்கடை அடைப்பு என்றால் முற்றுகை. சிங்க் அடைத்துக்கொண்டது என்று பதறிக்கொண்டு வரும் பெண்மணியை நிற்க வைத்து, முதலில் கவனித்தது யார், எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன கொட்டினார்கள் என்று விசாரிப்பார். அந்தம்மாள் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆள் அனுப்புவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கடை ஆள் போட்ட மூட்டு மறுபடி ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு காரணத்துக்காக ஊரே அவர் வாயைப் பொறுத்துக்கொண்டது.

இப்படிப்பட்டவர் தன் வீட்டைக் கட்டும்போது எப்படிக் குழாய் போடுவார்? எதிரி வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது என்று யோசித்துப் போட்டார். மேல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அடுப்படிக்குப் போகும். மற்ற இடமெல்லாம் வறண்டாலும் சமையல் நிற்கக்கூடாதாம். அங்கிருந்துதான் மற்ற அறைகளுக்குப் பிரியும். தலைவன் கடைசியில்தான் குளிக்க வேண்டும் என்று அவருடைய குளியலறை லைனைக் கோடியில் வைத்தார். அந்த லைனை மட்டும் தனியாக மூடுவதற்கு அடுப்படி சிங்குக்கு அடியில், எண்ணெய் டின் வைக்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு வால்வு வைத்தார். நெருக்கடி நேரத்தில் தன் பங்குத் தண்ணீரைத் தியாகம் செய்வதற்காக அந்த ஏற்பாடு. எதிரி வெளியிலிருந்துதான் வருவான் என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடுப்படி யார் கையில் இருக்கும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த ஒரு வாரத்தில் முதல் ஏர் லாக்கைப் பார்த்தேன். காலையில் மாமனார் துண்டும் தோளுமாகக் குளியலறையிலிருந்து வெளியே வந்து, கூடத்தில் நின்றபடி, "ஏர் லாக்" என்று அறிவித்தார். குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் வராது, அதற்குத்தான் அந்தப் பெயர். ஊரில் யார் வீட்டு ஏர் லாக்கையும் ஒரு நாழிகையில் எடுத்துவிடுகிற மனிதர், சொந்த வீட்டில் அதை அறிவித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். கடையின் பின்கட்டில் ரப்பர் குழாய் பிடித்துக் குளித்துக்கொள்வாராம். அத்தை அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

நான் அப்பாவி. "மாமா, நான் வேணா வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். என் மனைவி என் காலை மிதித்தாள். பிறகு மாடிக்குக் கூட்டிப்போய் விளக்கினாள்.

அம்மா வாய்விட்டு ஒன்றும் கேட்க மாட்டாள், கேட்டால் அப்பா மாட்டேன் என்பார், அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க அவரால் முடியாது. அதனால் அம்மா வால்வை மூடிவிடுவாள். அப்பா ஏர் லாக் என்பார். இரண்டு மூன்று நாள் கடையில் குளிப்பார். அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, தனக்கே திடீரென்று தோன்றியதுபோல, அந்தக் காரியத்துக்குச் சம்மதம் சொல்வார். மறுநாள் காலை ஏர் லாக் தானாகச் சரியாகிவிடும். "காத்து தானா வெளியேறிடுச்சு" என்று அவரே சொல்வார். பிரிட்ஜ் வந்தது அப்படி. இவள் கல்லூரிக்குப் போனது அப்படி. சொந்தத் தொழில் எதுவும் இல்லாமல், ஒரு பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற என்னை அந்த வீட்டு மாப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டதும் அப்படித்தானாம். ஐந்து நாள் ஏர் லாக் என்றாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"உங்கப்பாவுக்குத் தெரியாதா, வால்வை மூடறாங்கன்னு?" என்று கேட்டேன்.

"பைப்பு போட்டதே அவருதானே" என்றாள்.

இப்படி ஒரு குடும்பம். யாரும் யாரையும் எதிர்த்துப் பேசியது கிடையாது. அக்கம்பக்கத்தில் இவர்களை ஆதர்சத் தம்பதி என்பார்கள்.

என் மனைவியைக் கடையில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வயதைத் தாண்டியும் பாப்பாதான். பள்ளிக்கூட நாளிலேயே விடுமுறையில் கடைக்குப் போய்க் குழாயில் மரை போடக் கற்றுக்கொண்டவள். கல்லூரி முடித்து வந்து முழு நேரமும் அங்கேயே இருந்தாள். மாமனாருக்கு முழங்கால் தேய்ந்து படி ஏற முடியாமல் போன பிறகு கடை ஓடியது அவளால்தான். பெரிய கட்டடங்களுக்குத் திட்டம் போடுவாள், மொட்டை மாடித் தொட்டிக்குள் இறங்குவாள், ஒப்பந்தக்காரரிடம் முகத்துக்கு நேரே சண்டை போடுவாள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து அதையெல்லாம் மேற்பார்வை செய்தார். மேற்பார்வை என்றால், அவள் சொன்னதையே கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொல்வது.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். கடை தன் பொறுப்பில் வர வேண்டும். அப்பா அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது மாமனார் தொண்டையைக் கனைத்தார். முழங்கால் இனிமேல் ஒத்துழைக்காது, பொறுப்பை ஒப்படைக்கும் காலம் வந்துவிட்டது என்றார். என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளை, அடுத்த மாசத்திலேருந்து கடையை நீங்க பாத்துக்கங்க."

வாஷருக்கும் வடைக்கும் நடுவில் ஓட்டை இருக்கும் என்கிற அளவுக்குத்தான் எனக்குப் பிளம்பிங் தெரியும். அதைக் கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் சொன்னேன். தலைமை தாங்குவதற்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை, படைத்தளபதி எல்லோருக்கும் துப்பாக்கி துடைக்கத் தெரியுமா என்று கேட்டார். பாப்பா கூட இருந்து உதவி செய்வாள் என்றும் சொன்னார். என் மனைவி எழுந்து கைகழுவப் போய்விட்டாள். அத்தை ஒன்றுமே சொல்லாமல் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த மேஜையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை கூடத்திலிருந்து குரல் கேட்டது. "ஏர் லாக்."

இந்தத் தடவை இரண்டு மூன்று நாளில் முடியவில்லை. வாரம் ஒன்று போயிற்று, இரண்டும் போயிற்று. மாமனார் விடியற்காலையில் சோப்பு டப்பாவோடு கடைக்குப் போனார். கடை ஆட்கள் பின்கட்டுப் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கப் பழகினார்கள். குளிர்காலம் வேறு. அவருக்குச் சளி பிடித்தது. அத்தை வேளாவேளைக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், நெற்றியில் தைலம் தடவினார், இரவில் போர்வையை இழுத்து மூடிவிட்டார். வால்வை மட்டும் திறக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் வேறு குளியலறை இருக்கிறதே, அங்கே குளிக்கலாமே என்று ஒரு நாள் அவரிடம் சொன்னேன். தன் நிலையை விட்டு இன்னொருவர் நிலைக்குப் போவது பட்டாளத்தில் பெரிய குற்றம் என்றார். மூக்கு அடைத்திருந்ததால் அந்த வாக்கியம் முழுவதும் 'ப'வும் 'ட'வுமாகக் கேட்டது.

விஷயம் கடைவீதியில் கசிந்தது. எதிர்க்கடைக்காரர் ஆள் அனுப்பி, ஐயா வீட்டு ஏர் லாக்கைத் தானே வந்து இலவசமாக எடுத்துத் தருவதாகச் சொன்னார். மாமனாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எதிர்க்கடைக்காரர் செய்த நிஜமான வேலை வேறு. அவர் என் மனைவியைத் தனியாகச் சந்தித்து, தன்னிடம் வந்தால் மொத்தக் கட்டட வேலைக்கும் அவளையே தலைமையாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். போர்டில் அவள் பெயரும் இருக்குமாம்.

அவள் அதை மறைக்கவில்லை. சாப்பிடும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ஒண்ணாம் தேதி சேர்றேன்னு சொல்லிட்டேன்ப்பா. உங்க மேல கோவம்லாம் இல்ல. ஆனா இவருக்கு அசிஸ்டெண்டா என்னால இருக்க முடியாது."

என்னைக் காட்டித்தான் சொன்னாள். எனக்கு வருத்தமில்லை, எனக்கு அசிஸ்டெண்டாக இருக்க என்னாலேயே முடியாது. மாமனார் மோரை ஊற்றிச் சாப்பிட்டார், எழுந்து போய்க் கையைக் கழுவினார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு அவருடைய பிடிவாதம் அப்படியே வந்திருந்தது.

மாதக் கடைசியில், ஒரு மத்தியானம், அத்தை, என் மனைவி, நான் மூவரும் அடுப்படியில் இருந்தோம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாமனார் தோளில் துண்டோடு வாசற்படியில் வந்து நின்றார். அவர் அடுப்படிக்கு வருவதே அபூர்வம். அத்தை கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாப்பா, அந்த ஏர் லாக்க கொஞ்சம் பாரு" என்றார். "என்னால ஆகல."

அத்தையே குனிந்து எண்ணெய் டின்னை நகர்த்தி வைத்தார். என் மனைவி சிங்குக்கு அடியில் கையை விட்டாள். கோடியில் இருந்த குளியலறையில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மாமனார் தலையை ஆட்டினார். இத்தனை வருஷமாகத் தன்னால் கண்டுபிடிக்க முடியாத கோளாறை மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்றும், இப்படிப்பட்ட ஆள்தான் கடைக்குத் தேவை என்றும், முடிவை நாளைக் காலை கடையில் அறிவிப்பதாகவும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். பெண்டாட்டியிடம் தோற்றேன் என்று சொல்வதைவிட, எனக்குத் தொழில் தெரியவில்லை என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பெரிய மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அன்று பாயசம் வைத்தார்.

என் மனைவி பாயசத்தைத் தொடவில்லை. என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றாள்.

மறுநாள் நானும் கடைக்குப் போனேன், தலையிலிருந்து பாரம் இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில். தினமும் கடை திறந்ததும் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது மாமனாரின் வழக்கம். மொட்டை அண்ணன் முதலில் நிற்க, மற்றவர்கள் அவருக்குப் பக்கத்தில் கால்களைச் சேர்த்து நின்றார்கள். மாமனார் நாற்காலியிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து நின்றார். தன் வீட்டு ஏர் லாக்கின் வரலாற்றை விவரித்தார். எத்தனையோ முறை தான் முயன்றும் முடியாததை நேற்று மகள் நொடியில் தீர்த்துவிட்டாள், அதனால் இன்றுமுதல் கடைக்கு அவள்தான் எல்லாம் என்றார். ஆட்கள் அத்தனை பேரும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார்கள். அந்த வால்வின் கதை தெரியாதவர் ஒருவரும் அங்கே கிடையாது.

கைதட்டலாம் என்று நான் கையைத் தூக்கினேன்.

"அது ஏர் லாக் இல்லப்பா" என்றாள் என் மனைவி. "இங்க நிக்கற எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தக் கதைக்காகக் கடையக் குடுக்காதீங்க. எனக்கு வேலை தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லுங்க."

அந்தக் குடும்பத்தில் யாரும் அப்படி நேராகப் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் ஆட்கள் முன்னால். மாமனார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மொட்டை அண்ணன் இருமக்கூட இல்லை. மாமனார் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அவள் அப்படியே தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்விடுவாள்.

"தெரியும்" என்றார் மாமனார்.

"எப்பலேருந்து?"

"அந்த நாலு மாடி ஹாஸ்டல் வேலையிலேருந்து. நான் போட்ட லைன் தப்புன்னு நீ ராத்திரியே மாத்தி வரைஞ்சு வெச்ச. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அது எங்கள் கல்யாணத்துக்கும் முந்தைய வேலை. அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் விடவில்லை.

"அப்ப ஏன் இவருக்குக் குடுக்கப் பாத்தீங்க? இவருக்கு ஒண்ணுமே தெரியாதே."

"அதுக்குத்தான்" என்றார்.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் பேசுகிற குரல் போய், எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"பட்டாளத்திலேருந்து அனுப்பினப்ப காலையில எழுந்து எங்க போறதுன்னே தெரியல. ஷூவ மாட்டிக்கிட்டுத் தெருத் தெருவா நடப்பேன். கேக்கறவங்க கிட்ட வேலையா போறேன்னு சொல்வேன். இந்தக் கடை வந்துதான் மனுஷனானேன். மாப்ளைக்குக் குடுத்தா அவருக்கு ஒண்ணும் தெரியாது, தெனமும் நான் வந்தாகணும். உனக்குக் குடுத்துட்டா நான் எதுக்கும்மா?"

தன்னை மட்டம் தட்டியதற்காக மனிதனுக்குக் கோபம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது.

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்பா நின்ற இடத்துக்குப் போய் நின்றுகொண்டு, ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரைக் கல்யாண மண்டபத்துக்கு, ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்கு, மொட்டை அண்ணனை மோட்டார் பார்க்க. ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மாமனார் நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவில், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு போஸ்ட் ஆபீஸ் பின்னாடி ஒரு வீடு" என்றாள் அவரிடம். "சமையக்கட்டுல ஒழுகுது. ரெண்டு பேரு போய்ப் பாத்துட்டு ஆகலன்னு வந்துட்டாங்க."

அவர் உடனே விறைத்துக்கொண்டார். யார் அந்த ரெண்டு பேர், என்ன பைப், எப்போதிலிருந்து ஊடுருவல் என்றெல்லாம் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனாவது மாடி?"

"மாடி இல்லப்பா, தரையிலதான். வாசல்ல படிகூடக் கெடையாது. போன வாரமே வந்த வேலை, உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்."

மாமனார் சாமான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.